மேப் இல்லாத மர்ரே: பழைய பயணப் புத்தகம் சேர்க்கப் போய் நான் விட்ட 61,500 ரூபா

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடிச்சதுன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லைன்னா இவ்வளவு காசைக் கொண்டுபோய் இந்த ஆளு ஏன் கொட்டினான்னு தோணும். எங்க தாத்தா கொழும்புல செட்டியார் தெருவுல ஒரு கடைல கணக்குப்பிள்ளையா இருந்தவர். 2013ல ஊர்ல பழைய வீட்டை ஒழிச்சப்போ பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டி இறங்குச்சு. உள்ள நாலஞ்சு கடுதாசி, ஒரு கொழும்பு போஸ்ட்கார்டு, சவுத் இண்டியன் ரயில்வே டைம்டேபிள்ல இருந்து கிழிச்ச ஒரு தாள், அப்புறம் தனுஷ்கோடி வழியா தலைமன்னார் போற ஒரு தடி அட்டை டிக்கெட், நம்ம கட்டை விரல் நீளம்தான் இருக்கும். டிக்கெட்டை கேட்ல வாங்காம எப்படி விட்டாங்க, இல்ல தாத்தாதான் குடுக்காம வந்துட்டாரான்னு தெரியலை, கேக்க ஆளும் இல்லை. அந்த ராத்திரி அந்தத் துண்டு அட்டையைக் கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். 1914ல பாம்பன் பாலம் திறந்ததுக்கு அப்புறம்தான் மெட்ராஸ்ல ஏறி தனுஷ்கோடில இறங்கி, ஸ்டீமர்ல கடலைத் தாண்டி, தலைமன்னார்ல மறுபடி ரயில் ஏறி கொழும்பு போற போட் மெயில் வழி வந்துச்சு, அதுக்கு முன்னாடி தூத்துக்குடி போய்த்தான் கப்பல் ஏறணும், 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சுன்னு இதெல்லாம் நான் அந்த டிக்கெட்டுக்கு அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன்.

அப்படி ஆரம்பிச்சது. தென்னிந்திய ரயில் டைம்டேபிள், பழைய ஊர் கைடு, பிக்சர் போஸ்ட்கார்டு, ஓட்டல் பில், லக்கேஜ் லேபிள். எஃபெமரான்னு இங்கிலீஷ்ல பெரிசா பேர் வச்சிருக்காங்க, நம்ம பாஷைல சொன்னா துண்டு துக்கடா பேப்பர், அன்னிக்கே தூக்கிப் போட வேண்டியது, யாரோ போட மறந்ததுனால பொழைச்சது. முதல் ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. ஞாயித்துக்கிழமை காலைல திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்ஃபாரம், லஸ் கார்னர், சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் கடைங்க (பழைய மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு, இப்ப இருக்கறது அதோட பேர் மட்டும்தான்), ஐம்பது நூறுன்னு வாங்குவேன். தப்பா வாங்கினாலும் நூறு ரூபாதானே, ஒரு பிரியாணி சாப்பிட்ட மாதிரின்னு விட்டுடலாம். அந்த மெத்தனத்தோடயே பெரிய காசுக்குப் போனதுதான் தப்பு.

2016 அக்டோபர். இங்கிலாந்துல ஒரு ஏலக் கம்பெனி (பேர் வேண்டாம்), ஆன்லைன்ல உக்காந்த இடத்துல கேக்கலாம். லாட் (அதாவது ஏலத்துக்கு விட்ட பொருள்) என்னன்னா மர்ரேவோட மெட்ராஸ் பிரசிடென்சி கைடு, லண்டன்ல 1879ல ரெண்டாவது பதிப்பா வந்தது. ஜான் மர்ரே போட்ட பயணக் கைடுங்கன்னா சேகரிக்கறவங்களுக்கு ஒரு தனி மயக்கம், சிவப்புத் துணி பைண்டிங், முதுகுல தங்க எழுத்து, வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனும் அதைக் கைல புடிச்சுக்கிட்டுத்தான் ஊர் சுத்துனான். என்னைப் பொறுத்தவரைக்கும் போட் மெயிலுக்கு முன்னாடி நம்ம பக்கம் பயணம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ற புத்தகம். அந்த வருஷம் பிரெக்ஸிட் ஓட்டுக்கு அப்புறம் பவுண்ட் விழுந்து தொண்ணூறு ரூபாய்க்குக் கீழ கிடந்துச்சு, சரி இதுதான் நேரம்னு எனக்கு நானே ஒரு பொருளாதார மேதையாயிட்டேன். 260 பவுண்டுக்கு சுத்தியல் அடிச்சு ஏலத்தை முடிச்சாங்க. நான் மனசுல போட்ட கணக்கு 84 ரூபா வீதம் 22 ஆயிரத்துக்குள்ள. ராத்திரி பதினொன்றரை மணிக்கு வீட்டம்மாவை எழுப்பி கிடைச்சிருச்சுன்னு சொன்னேன், என்ன கிடைச்சிருச்சுன்னு கேட்டா, புத்தகம்னேன், திரும்பிப் படுத்துக்கிட்டா.

மறுநாள் பில் வந்துச்சு பாருங்க. சுத்தியல் விலை 260, அது மேல பையர்ஸ் பிரீமியம்னு வாங்கறவன்கிட்டயே 25 சதவீதம் கமிஷன், 65 பவுண்ட். அந்தக் கமிஷன் மேல 20 சதவீதம் வரி, 13 பவுண்ட். ஆன்லைன்ல கேட்டதுக்கு தனியா 3 சதவீதம், அதுக்கும் வரி, ஒரு ஒன்பது பவுண்ட் சொச்சம். அவங்க பார்சல் அனுப்ப மாட்டாங்களாம், வேற ஒரு பேக்கிங்காரன்கிட்டதான் குடுக்கணுமாம், அவனுக்கு 62. கிரெடிட் கார்டுல வெளிநாட்டுப் பணத்துக்கு பேங்க் புடிச்சது மூணரை சதவீதம். இங்க வந்ததும் கொரியர்காரன் க்ளியரன்ஸ், ஹேண்ட்லிங்னு 2,900 வாங்கிட்டுத்தான் கைல குடுத்தான். மொத்தம் 38,500. ஏலத்துல கேக்கறவங்க சுத்தியல் விலையை விலையா நினைக்காதீங்க, வெளிநாட்டு ஏலம்னா அதுல பாதிக்கு மேல கூடச் சேரும், எனக்கு எழுபத்தஞ்சு சதவீதம் சேந்துச்சு. மொத்தம் எவ்வளவு போகலாம்னு முதல்ல முடிவு பண்ணி அங்கேர்ந்து பின்னாடி கணக்குப் போட்டு வந்து, கேக்கற விலையை ஒரு சீட்டுல எழுதி கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டிடுங்க, ஏலம் நடக்கும்போது மனுஷன் புத்தி மனுஷன்கிட்ட இருக்காது.

சரி காசு போனாப் போகுது புத்தகம் வந்துச்சேன்னு பார்சலைப் பிரிச்சேன். அழகுன்னா அழகு. மேல தடவிப் பாத்தேன், மோந்து பாத்தேன். பின் அட்டையைத் திறந்தா உள்பக்கம் ஒரு காகிதப் பாக்கெட். மர்ரே கைடு பலதுல அப்படி இருக்கும், பெரிய மேப்பை மடிச்சு அதுல சொருகியிருப்பாங்க. விரலை விட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்லை. பேக்கிங் பேப்பர்ல விழுந்திருக்குமோன்னு குப்பைத்தொட்டி வரைக்கும் தேடினேன். அப்புறம் டியூப்லைட்டுக்குக் கீழ புத்தகத்தை வச்சுப் பக்கம் பக்கமாத் திருப்பினா நடுவுல ஒரு இடத்துல தையல் ஓரமா ஒரு விரல்கடை அகலத்துக்கு ஒரு காகித விளிம்பு மட்டும் நிக்குது, பிளேடு வச்சு சுத்தமா வெட்டின விளிம்பு. அங்கேயும் ஏதோ பிளானோ மேப்போ இருந்திருக்கு. வயித்துல ஏதோ பண்ணுச்சு. யார்கிட்டயும் சொல்லலை, வீட்ல கேட்டதுக்கு சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டு அலமாரில வச்சுட்டேன். மூணு நாள் அந்தப் பக்கமே போகலை.

மெயில் போட்டேன், கோவமா, இங்கிலீஷ்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய வார்த்தை எல்லாம் போட்டு. ரெண்டே வரில பதில் வந்துச்சு, லாட் விவரத்துல கடைசில டபிள்யூ.ஏ.எஃப்.னு போட்டிருந்தோமே, பாக்கலையான்னு. போய்ப் பாத்தா ஆமா, போட்டிருக்கு, மூணு எழுத்து. எல்லாக் குறையோடயும், உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்க மாட்டோம்னு அதுக்கு அர்த்தமாம். அதே மாதிரி ஏ.எஃப்.னும் போடுவாங்க, அதுவும் அதே கதைதான். நான் அதை ஏதோ கேட்டலாக் நம்பர்னு நினைச்சேன்னு சொன்னா சிரிப்பீங்க. நாலு மாசம் மெயில் மேல மெயில் போட்டு, கடைசில ஒருத்தர் இரக்கப்பட்டோ தொல்லை தாங்காமலோ புத்தகத்தைத் திருப்பி அனுப்பினா அடுத்த ஏலத்துல கமிஷன் இல்லாம வித்துத் தர்றேன்னார். அதைத் தூக்கிக்கிட்டு கொரியர் ஆபீஸ் போனா கவுண்டர்ல இருந்த தம்பி வருஷத்தைப் பாத்துட்டு, சார் இது நூறு வருஷம் தாண்டினது, ஏ.எஸ்.ஐ. (மத்திய தொல்லியல் துறை) சர்டிஃபிகேட் இல்லாம எடுக்க மாட்டோம்னு தள்ளிட்டான். அவன் மேல தப்பில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருளை தனிஆள் நாட்டுக்கு வெளிய அனுப்பக் கூடாது, கையெழுத்துப் பிரதி, ஆவணம்னா 75 வருஷமே போதும். அங்க இருந்து இங்க வந்த புத்தகம்தாங்க, திரும்ப அங்கதான் போகுதுன்னு கவுண்டர்ல நின்னு வாதாடினேன், பின்னாடி வரிசைல நின்னவங்க முறைச்சாங்க. ஆக, வெளிநாட்டுல இருந்து பழைய பொருள் வாங்கறதுன்னா அது ஒருவழிப் பாதைன்னு நினைச்சுக்கங்க, பிடிக்கலைன்னா அனுப்பிடலாம்ங்கற தைரியத்துல கார்டைத் தேய்க்காதீங்க.

அப்புறம்தான் உருப்படியா உக்காந்து யோசிச்சேன், நான் என்ன பண்ணியிருக்கணும்னு. ஏலத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெயில் போட்டு கண்டிஷன் ரிப்போர்ட் கேட்டிருந்தா காசில்லாமலே குடுத்திருப்பாங்க. அதுலயும் சும்மா கண்டிஷன் எப்படின்னு கேட்டா நைஸ் காப்பின்னு ஒரு பதில் வரும், ஒண்ணுக்கும் ஆகாது. மேப், படம், பிளான் எல்லாம் இருக்கா, எண்ணிப் பாத்தீங்களா, பாக்கெட்ல மேப் இருக்கா, லைப்ரரி முத்திரை இருக்கா, பைண்டிங் ஒரிஜினலா மாத்தினதா, பூச்சி ஓட்டை இருக்கான்னு ஒவ்வொண்ணாக் கேக்கணும். பக்கங்களையும் படங்களையும் ஒரு முழுப் பிரதியோட ஒப்பிட்டு எண்ணறதுக்கு அந்தத் தொழில்ல கொலேட் பண்றதுன்னு பேரு, கொலேட் பண்ணியாச்சான்னு கேட்டாலே எதிர்ல இருக்கறவன் கொஞ்சம் நிமிந்து உக்காருவான். முழுப் பிரதில எத்தனை இருக்கணும்னு நமக்கு எப்படித் தெரியும்னா, பல மர்ரே கைடுல டைட்டில் பேஜ்லயே மேப்பு பிளானு கணக்குப் போட்டிருப்பான், மத்த புத்தகத்துல முன்னாடி படங்களோட பட்டியல் இருக்கும், பெரிய லைப்ரரி கேட்டலாக்ல ஆன்லைன்லயே பக்க எண்ணிக்கை, மேப் எண்ணிக்கை போட்டிருப்பாங்க, இன்டர்நெட் ஆர்கைவ்ல ஸ்கேன் இருந்தா பக்கம் பக்கமா ஒப்பிடலாம். ஸ்கேன்ல மடிப்பு மேப் சில நேரம் விரிக்காமலே எடுத்திருப்பாங்க, அதை நம்பி மேப்பே கிடையாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. நான் இந்த வேலைக்கு இப்ப எழும்பூர் கன்னிமாரா போறேன், தரமணில ரோஜா முத்தையா நூலகம் போறேன். கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேத்த சேகரிப்புதான் இன்னிக்கு அந்த நூலகமா நிக்குது, அங்க போய் உக்காந்தா நம்ம அலமாரி எவ்வளவு சின்னதுன்னு புத்திக்கு உறைக்கும்.

மேப் எங்க போச்சுன்னு விளக்கினது திருவல்லிக்கேணில பழைய புத்தகக் கடை வச்சிருக்கற ஒரு பாய். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல, மூர் மார்க்கெட் எரியறதுக்கு முன்னாடியே அங்க கடைப் பையனா நின்னவர். வெக்கத்தை விட்டு அவர்கிட்ட மட்டும் புத்தகத்தைக் காட்டினேன். வாங்கினதும் அவர் டைட்டில் பேஜைப் பாக்கவே இல்லை, முதுகை மேல வச்சு நிமித்திப் புடிச்சு தாள் ஓரத்தைப் பாத்தார், அப்புறம் தையலை. “எவ்வளவு குடுத்தீங்க தம்பி?” பாதியாக் குறைச்சு சொன்னேன். “அதுவே ஜாஸ்தி. மேப்பை எவனோ உருவிட்டான். அதை மட்டும் கண்ணாடி போட்டு ஓட்டல்ல மாட்டினா இந்த புக்கை விட ஜாஸ்தி விலைக்குப் போகும், புக்கை யாரு படிக்கறா?” பழைய பயண நூல், அட்லஸ் எல்லாத்துக்கும் வர்ற கதி இதுதான், முழுசா வித்தா ஒரு விலை, கிழிச்சு ஒவ்வொரு படமா வித்தா பல மடங்கு. அதனால படமுள்ள புத்தகம் எதைப் பாத்தாலும் ஏதோ ஒண்ணு போயிருக்கும்னு சந்தேகத்தோடதான் எண்ண ஆரம்பிக்கணும். சுவத்துல மாட்டற ஒத்தைப் படம் வாங்கறவங்களும் இதை யோசிங்க, நாம வாங்க வாங்கத்தான் அங்க ஒருத்தன் பிளேடு எடுக்கறான். (நானும் ரெண்டு வாங்கியிருக்கேன். ஹால்ல மாட்டியிருந்தேன், இப்பக் கழட்டி வச்சுட்டேன்.)

இந்த அடிக்கு அப்புறமாவது புத்தி வந்திருக்கணும், வரலை. வெளிநாட்டுல வாங்கினாத்தானே ஏமாத்துவான், உள்ளூர்ல கைல தொட்டுப் பாத்து வாங்கலாம்னு கிளம்பி 9,000 ரூபாயக் குடுத்து ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’ செட் வாங்கினேன். எச்.டி. லவ் எழுதினது, 1913ல லண்டன்ல வந்தது, இண்டெக்ஸோட சேத்து நாலு வால்யூம், மெட்ராஸ் வரலாறுன்னா எல்லாரும் முதல்ல கை வைக்கற புத்தகம். தோல் முதுகு பைண்டிங், டைட்டில் பேஜ்ல 1913. அவ்வளவுதான் பாத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் தாள் ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு, நூறு வருஷத்து எழுத்து ஏன் இப்படி ஜெராக்ஸ் மாதிரி மங்கலா இருக்குன்னு உறுத்துச்சு. அது பிற்காலத்து மறுபதிப்பு. மறுபதிப்பு போடறவங்க மேல குத்தமே சொல்ல முடியாது, அவங்க பழைய டைட்டில் பேஜை அப்படியே படம் புடிச்சுப் போட்டுட்டு, பின்பக்கத்துல தங்களோட விவரத்தையும் வருஷத்தையும் நேர்மையாத்தான் அச்சடிக்கறாங்க. நடுவுல ஒருத்தன் அந்த விவரம் இருந்த தாளை எடுத்துட்டு, பழைய தோல்ல பைண்ட் பண்ணி என் தலைல கட்டிட்டான். டைட்டில் பேஜ்ல இருக்கற வருஷம் புத்தகத்தோட வயசு இல்லைங்கறதை அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். இப்ப நான் பண்றது, நடுப்பக்கம் ஒண்ணைத் திறந்து தாளோட பின்பக்கத்தை விரல் நுனியால மெதுவாத் தடவிப் பாப்பேன். ஈய எழுத்து கோத்து அழுத்தி அடிச்ச காலத்துப் புத்தகம்னா லேசா ஒரு சொரசொரப்பு, எழுத்து அமுங்கின தடம் தெரியும், ஆஃப்செட் மறுபதிப்பு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். மேப் சின்னதாக் குறுக்கி கறுப்பு வெள்ளையா இருந்தாலும் சந்தேகப்படுங்க. பைண்டிங்கை நம்பவே நம்பாதீங்க, அது சட்டை மாதிரி, யாரு வேணா யாருக்கு வேணா மாட்டி விடலாம்.

அடுத்தது போஸ்டர், இதை சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன், சொல்லவே கடுப்பா இருக்கு. 1930கள்ல இந்தியன் ஸ்டேட் ரயில்வேஸ் போட்ட விசிட் இண்டியா போஸ்டர் ஒண்ணு, 14,000 ரூபா. ஓரம் எல்லாம் பழுப்பா, மடிப்புக் கோட்டோட, பாத்தா தாத்தா காலத்துது மாதிரியே இருந்துச்சு. டீத்தண்ணில நனைச்சா எதுவும் அப்படித்தான் இருக்கும். நகைக்கடைல கண்ணுல வச்சுப் பாப்பாங்களே அந்த பத்து மடங்கு லென்ஸ், முந்நூறு ரூபாதான், அதை வச்சுப் பாத்தா மூஞ்சி, வானம், எழுத்து எல்லாமே குட்டிக் குட்டிக் கலர் புள்ளியா வட்டம் வட்டமா நிக்குது. அந்தக் காலத்து லித்தோ (கல்லச்சு) போஸ்டர்ல கலர் ஒவ்வொண்ணும் தனித்தனியா பரப்பின மாதிரி வரும், இப்படி ஒழுங்கா நாலு கலர் புள்ளி வராது. ஆனா ஒண்ணு, இதை அப்படியே போஸ்ட்கார்டுக்குப் போட்டுப் பாக்காதீங்க, 1900களிலேயே புள்ளி அச்சு போஸ்ட்கார்டுல வந்தாச்சு, நான் ஒரு தடவை நல்ல ஹிக்கின்பாதம்ஸ் கார்டை இந்த அரைகுறை அறிவால டூப்புன்னு வேண்டாம்னுட்டு வந்தேன், அடுத்த வாரம் போனா வித்துப் போச்சு. கார்டுல பின்பக்கத்தைப் பாருங்க. விலாசத்துக்கும் சேதிக்கும் நடுவுல கோடு போட்டுப் பிரிச்சது இங்கிலாந்துலயே 1902லதான் ஆரம்பிச்சுது, அதுக்கு முந்தின கார்டுல பின்பக்கம் முழுக்க விலாசம் மட்டும்தான், சேதியை படத்து ஓரத்துல நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பாங்க. அதனால நடுக்கோடு போட்ட கார்டை 1890னு சொல்லி விலை சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

38,500, 9,000, 14,000, கூட்டிக்கங்க. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் போனது இந்தக் காசுக்கு இல்லை. 2017ல ஒரு நாள், எங்க தெரு முனைல ஜெராக்ஸ் கடைல, தாத்தா பெட்டில இருந்த டைம்டேபிள் தாளையும் நான் தேடித் தேடி வாங்கின மூணு ரயில்வே நோட்டீஸையும் லேமினேஷன் போட்டேன். பாதுகாப்பா இருக்கட்டும்னு, நல்ல எண்ணத்துலதான். ஒரு தாளுக்கு முப்பது ரூபா. பாய்கிட்ட பெருமையாக் காட்டினேன். அவர் அதை விளிம்புல புடிச்சு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “ஏன் தம்பி, ரேஷன் கார்டா இது?”ன்னார். சூட்டுல பிளாஸ்டிக் தாளோட நாருக்குள்ள இறங்கிடும், திரும்ப எடுக்கவே முடியாது, உள்ளுக்குள்ளயே அந்தக் காகிதத்தோட அமிலம் அதைத் தின்னும். விக்கற விலை போச்சுன்னா போகட்டும், தாத்தா கை பட்ட தாளை இனிமே நான் தொட முடியாது, பிளாஸ்டிக்கைத்தான் தொடறேன். அட்டை டிக்கெட்டையும் அன்னிக்கு எடுத்துட்டுத்தான் போனேன், அது தடிமன், மெஷின்ல மாட்டிக்கும்னு கடைக்காரப் பையன் வேண்டாம்னுட்டான், அவன் நல்லா இருக்கணும். செல்லோடேப்பும் அதே ஜாதிதான், அஞ்சாறு வருஷத்துல பசை மஞ்சளாகி தாளுக்குள்ள ஊறிடும், பிளாஸ்டிக் உரிஞ்சு விழுந்தாலும் கறை போகாது. கிழிஞ்சிருந்தா கிழிஞ்சபடியே பாலியஸ்டர் உறைல போட்டு வைங்க, நாலு பக்கமும் ஒட்டின உறை வேண்டாம், ஸ்கூல் பசங்களுக்கு வாங்கற நாத்தம் அடிக்கற பி.வி.சி. ஃபோல்டர் வேண்டவே வேண்டாம். ஒட்டியே ஆகணும்னா ஜப்பான் டிஷ்யூவும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான், அதையும் தெரிஞ்சவங்க கையால. நமக்கு ஏதாவது குறிச்சு வைக்கணும்னா பென்சில்.

அதே வருஷம் மழைக்காலத்துல பூச்சி வந்துச்சு. பிளாட்ஃபாரத்துல ஒரு கட்டா வாங்கின எட்டு புத்தகத்தை, வந்த அசதில அப்படியே அலமாரில சொருகிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா அலமாரிப் பலகைல மைதா மாவு கொட்டின மாதிரி தூள். ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தா முன் அட்டைல நுழைஞ்சு பின் அட்டைல வெளிய வந்திருக்கு, குண்டூசி கனத்துக்கு நேரா ஒரு துளை. ராமபாணம்னு நம்மாளுங்க பேரு வச்சது சும்மா இல்லை. பக்கத்துல இருந்ததுக்கும் பரவி, தாத்தாவோட கடுதாசி வச்சிருந்த அட்டைப் பெட்டி வரைக்கும் போயிருந்துச்சு, நாலு கடுதாசில ஒண்ணுல கையெழுத்து இருந்த இடமே இல்லை. அன்னிக்கு நான் அழுதேன்னு எழுதறதுக்கு எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்லை. புதுசா எது வந்தாலும் முதல்ல வீட்டுக்குள்ள சேக்காம தனியா ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல ஒரு மாசம் வைக்கணும், தூள் விழுதான்னு பாக்கணும்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா போதும்.

பாச்சை உருண்டை போடுன்னு பத்துப் பேர் சொன்னாங்க. வேண்டாங்க, அது தாளுக்கும் நல்லதில்ல நம்ம நுரையீரலுக்கும் நல்லதில்ல. வேப்பிலை, வசம்பு எல்லாம் வர்ற பூச்சியை வேணா தள்ளி வைக்கும், உள்ள போய்க் குடும்பம் நடத்தறதை ஒண்ணும் பண்ணாது. எனக்குக் கேட்டது ஃப்ரீஸர்தான். புத்தகத்தை ஜிப் கவர்ல போட்டு, காத்தை நல்லா அழுத்தி எடுத்து, இன்னொரு கவர்லயும் போட்டு மூடி, மைனஸ் 18 வரைக்கும் போற வீட்டு ஃப்ரீஸர்ல ரெண்டு வாரம். எடுத்த உடனே கவரைப் பிரிக்காதீங்க, முழுசா ஒரு நாள் வெளில வச்சு சாதாரண சூட்டுக்கு வந்ததும்தான் பிரிக்கணும், அப்பத்தான் வேர்க்கற தண்ணி கவருக்கு வெளியவே நிக்கும். ஃபோட்டோ, கண்ணாடி நெகட்டிவ் எல்லாம் இதுல போடாதீங்க. சென்னை ஈரத்துக்கு அலமாரியைச் சுவத்தை ஒட்டிப் போடாம நாலு விரல் தள்ளிப் போடணும், காத்துல ஈரம் எவ்வளவுன்னு காட்டற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி வைங்க, ஐந்நூறு அறுநூறுக்குள்ள கிடைக்கும், 60 சதவீதம் தாண்டினா பூஞ்சையும் பூச்சியும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்துடும். இன்னொரு விஷயம், பழசு பழசுன்னு பயப்படறதை விட எந்தக் காலத்துக் காகிதம்னு பாருங்க. 1790கள்ல கந்தைத் துணில செஞ்ச காகிதம் இன்னிக்கும் வளைஞ்சு குடுக்கும், மரக்கூழ் காகிதம் வந்ததுக்கு அப்புறம், அதுலயும் ரெண்டாம் உலகப் போர் சமயத்துல காகிதத் தட்டுப்பாட்டுல அச்சான தமிழ்ப் புத்தகம்னா பக்கத்தைத் திருப்பினாலே அப்பளம் மாதிரி நொறுங்குது. அந்த மாதிரி ஒண்ணு கைல கிடைச்சா படிக்கறதுக்கு முன்னாடி ஃபோன்ல பக்கம் பக்கமாப் படம் எடுத்துடுங்க.

மர்ரே இன்னும் என்கிட்டதான் இருக்கு. லைப்ரரில அந்த மேப்போட நகல் ஒண்ணு எடுத்து, மூலைல பென்சில்ல ‘நகல், 2018’னு எழுதி காலியா இருந்த பாக்கெட்ல சொருகி வச்சிருக்கேன், எனக்கு அப்புறம் யார் கைக்குப் போனாலும் என்னை மாதிரி ஏமாறக் கூடாதே. பாய் ஒரு தடவை அதை வாங்கிக்கறேன்னு நாலாயிரம் சொன்னார். குடுக்கலை. இப்ப அவர் கடைல எதை எடுத்தாலும் அவர் எதிர்லயே தரைல உக்காந்து படங்களை எண்ணறேன், அவரும் ஒண்ணும் சொல்றதில்லை, டீ வாங்கித் தர்றார். போன மாசம் அப்படி எண்ணி வாங்கினது சவுத் இண்டியன் ரயில்வேயோட 1926 கைடு, படம் எல்லாம் சரியா இருக்கு. ஃப்ரீஸர்ல ஒன்பதாவது நாள் ஓடுது. இன்னிக்குக் காலைல வீட்டம்மா ஐஸ்க்ரீம் டப்பாவை வைக்க இடமில்லாம கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டே கேட்டா, தனுஷ்கோடி எப்ப வெளில வரும்னு. இன்னும் அஞ்சு நாள்னேன்.